டேவிட் டாம்ரோஷின் ‘வாட் இஸ் வேர்ல்ட் லிட்டரேச்சர்?’: வாங்கத் தகுந்த நூலா?

உலக இலக்கியம் என்ற துறையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரே ஒரு நூலை வாங்கிப் படிக்க நினைப்பவருக்கு ஒப்பிலக்கியத் துறையினர் முதலில் சுட்டும் நூல்களில் ஒன்று, அமெரிக்க ஒப்பிலக்கியப் பேராசிரியர் டேவிட் டாம்ரோஷ் எழுதி 2003இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘வாட் இஸ் வேர்ல்ட் லிட்டரேச்சர்?’ ஆகும். தலைப்பைப் பார்த்துவிட்டு, ஹோமரில் தொடங்கி மார்க்கேஸில் முடியும் வரலாறு ஒன்றை எதிர்பார்த்து வாங்குகிறவர் ஏமாந்துபோவார். உலகின் தலைசிறந்த நூல்களின் பட்டியலும் இதில் கிடையாது. ஒரு படைப்பு தான் பிறந்த மொழியையும் மண்ணையும் விட்டுப் புறப்பட்டு வேற்றுமொழிக்காரர் கையில் போய்ச் சேரும்போது அதற்கு என்னென்ன நேர்கிறது, அதைக் கண்டெடுத்தவர், பெயர்த்தவர், பதிப்பித்தவர், பாடமாக வைத்தவர் ஆகியோர் அதன் முகத்தை எப்படியெல்லாம் மாற்றினார்கள் என்பதையே நூல் முழுவதும் ஆராய்கிறது. புழக்கம், மொழிபெயர்ப்பு, ஆக்கம் என்று மூன்று பகுதிகள். பகுதிக்கு மூன்று இயல்கள். முன்னும் பின்னும் ஒரு முன்னுரையும் முடிவுரையும். கோட்பாட்டு நூல் என்று பெயர் வாங்கியிருந்தாலும் இதன் பலம் கோட்பாட்டில் இல்லை என்பது என் கருத்து. தனித்தனிப் படைப்புகளின் பயணத்தை ஒரு துப்பறிவாளரின் பொறுமையோடு அவர் தொடர்ந்து செல்லும் இயல்களில்தான் கொடுத்த விலைக்கான பயன் இருக்கிறது.

முன்னுரை ஜெர்மன் கவிஞர் கெத்தேயிடமிருந்து தொடங்குகிறது. 1827ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், வைமர் நகரில், தன் உதவியாளர் எக்கர்மானிடம் கெத்தே தான் படித்துக்கொண்டிருந்த ஒரு சீன நாவலைப் பற்றிப் பேசுகிறார். அதில் வரும் மனிதர்கள் நம்மைப் போலவே நினைக்கிறார்கள், நம்மைப் போலவே உணர்கிறார்கள் என்று வியக்கிறார். தேசிய இலக்கியம் என்பதற்கு இனி அதிகப் பொருளில்லை, உலக இலக்கியத்தின் காலம் நெருங்கிவிட்டது, அது விரைந்து வர ஒவ்வொருவரும் உழைக்க வேண்டும் என்கிறார். உலக இலக்கியம் பற்றிய எந்தப் பாடநூலிலும் இந்த வாக்கியம் தவறாமல் இடம்பெறும். அதே உரையாடலில் சில வரிகள் தள்ளி, பின்பற்றத்தக்க முன்மாதிரி ஒன்று வேண்டுமென்றால் பழைய கிரேக்கர்களிடமே திரும்ப வேண்டும், மற்றவற்றையெல்லாம் வரலாறு என்ற அளவில் பார்த்துக்கொண்டால் போதும் என்று அவர் சொன்னதைப் பாடநூல்கள் அவ்வளவாக மேற்கோள் காட்டுவதில்லை. கெத்தேயின் உலகளாவிய மனம் எந்த அளவுக்கு விரிந்தது, எந்த இடத்தில் நின்றது என்பது இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விளங்கும். அவருக்குக் கிடைத்த கீழை நாட்டு நூல்களெல்லாம் மொழிபெயர்ப்பாகவே கிடைத்தவை என்பதையும் மறக்கலாகாது. வில்லியம் ஜோன்ஸ் 1789இல் கல்கத்தாவில் வெளியிட்ட ஆங்கில சாகுந்தலத்தை கியோர்க் ஃபோர்ஸ்டர் 1791இல் ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். கெத்தே மயங்கியது அந்தச் சகுந்தலையிடம். ஹாஃபிஸின் பாரசீகக் கவிதைகள் ஹாமரின் ஜெர்மன் பெயர்ப்பின் வழியே அவரிடம் வந்து, 1819இல் அவருடைய ‘கீழை-மேலைத் திவான்’ என்ற கவிதைத் தொகுப்பாக உருமாறின.

முன்னுரையில் என்னை அதிகம் கவர்ந்தவர் கெத்தே அல்லர், எக்கர்மான். ஊர் ஊராகச் சுமை தூக்கிச் சென்று விற்ற ஏழைச் சிறுவணிகரின் மகனாக 1792இல் பிறந்து, 1823இல் கெத்தேயைப் பார்க்க வைமருக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்ட மனிதர் அவர். திருமணம் நிச்சயிக்கப்பட்ட பெண்ணை ஆண்டுக்கணக்கில் காக்க வைத்துவிட்டுப் பெரியவரின் பேச்சைக் குறித்துக்கொண்டிருந்தார். 1836இல் அந்த உரையாடல்களின் முதல் இரண்டு பாகங்கள் வெளிவந்தபோது தாய்நாட்டில் பெரிய விற்பனை இல்லை. பிறமொழிகளில்தான் நூல் நிலைபெற்றது. நிலைபெற்ற வேகத்தில், எழுதியவரின் பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பேசியவரே நூலாசிரியர் போல அட்டையில் ஏறிக்கொண்டார். உலக இலக்கியம் என்ற கருத்தை உலகுக்குக் கொண்டுவந்த நூலே வெளிநாட்டுப் பயணத்தில் தன் ஆசிரியரைப் பறிகொடுத்தது என்பதை டாம்ரோஷ் அழகாகக் காட்டுகிறார். இந்த இடத்தில் ஒரு திருத்தம் மட்டும் தேவை. முன்னுரையின் தலைப்பு கெத்தே ஒரு சொற்றொடரை உருவாக்கிய கதை என்ற தொனியில் அமைந்திருக்கிறது. ஆனால் வரலாற்றாசிரியர் ஷ்லோசர் 1773இலேயே ஐஸ்லாந்து இலக்கியம் பற்றிய நூலில் உலக இலக்கியம் என்று பொருள்படும் அந்த ஜெர்மன் சொல்லைக் கையாண்டிருக்கிறார் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டிவிட்டார்கள். கெத்தே அதைக் கண்டுபிடிக்கவில்லை, புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1848இல் மார்க்ஸும் எங்கெல்ஸும் தம் கம்யூனிஸ்ட் அறிக்கையில் அதே சொல்லை எடுத்து, உலகச் சந்தையின் விளைவாக உலக இலக்கியம் எழுகிறது என்று எழுதியபோது அதற்கு வேறொரு பொருள் வந்து சேர்ந்தது. வணிகத்தின் தொனி உள்ள அந்த இரண்டாவது பொருளை இந்நூல் தொட்டுவிட்டு விரைவாகக் கடந்துவிடுகிறது. அந்த விரைவின் விளைவு பின்னால் தெரிகிறது.

முதல் பகுதியின் முதல் இயல் பண்டைய மெசப்பொட்டேமியாவின் கில்காமேஷ் காவியத்தைப் பற்றியது. நூலிலேயே சிறந்த இயல் எதுவென்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். கி.மு. 612இல் அசீரியத் தலைநகரான நினிவே வீழ்ந்தபோது அசுர்பனிபால் மன்னனின் நூலகமும் இடிபாடுகளுக்குள் புதைந்தது. களிமண் பலகைகளில் எழுதப்பட்டிருந்ததால் அழிந்து மக்கிப்போகாமல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்கடியில் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் லேயார்டும், மோசுல் நகரத்தில் பிறந்த ஹோர்முஸ்த் ரஸ்ஸாமும் அவற்றைத் தோண்டியெடுத்தார்கள். 1853இல் நூலகத்தின் பெரும்பகுதியைக் கண்டெடுத்தவர் ரஸ்ஸாம். பெட்டி பெட்டியாக லண்டனுக்குப் போன அந்த உடைசல்களை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து ஒட்டிப் படித்தவர் ஜார்ஜ் ஸ்மித். பணத்தாள் அச்சிடும் நிறுவனத்தில் செதுக்கு வேலை கற்கச் சேர்ந்து, மதிய உணவு இடைவேளையில் அருங்காட்சியகத்துக்கு வந்து அந்தப் பலகைகளில் ஆப்பு வடிவில் பதிக்கப்பட்ட ஆப்பெழுத்தைத் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டவர் அவர். 1872இன் இறுதியில் ஒரு பலகையில், மலைமேல் தங்கிய கப்பலையும் அதிலிருந்து பறக்கவிடப்பட்டுத் திரும்பி வந்த புறாவையும் பற்றிய வரிகள் அவர் கண்ணில் பட்டன. விவிலியத்தில் வரும் நோவாவின் வெள்ளக் கதை, விவிலியத்துக்கு வெளியே, வேறொரு மொழியில்!

அந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் விவிலியத் தொல்லியல் கழகத்தில் ஸ்மித் தன் கட்டுரையைப் படித்தபோது பிரதமர் கிளாட்ஸ்டனே அவையில் இருந்தார். ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழ் 1000 கினி கொடுத்து, விடுபட்ட துண்டுகளைத் தேடி ஸ்மித்தை நினிவேக்கு அனுப்பியது. அவர் போனார், வெள்ளக் கதையின் விடுபட்ட துண்டு என்று அவர் கருதிய பலகையும் கிடைத்தது. பல்லாயிரம் உடைசல்கள் கிடக்கும் இடத்தில் இப்படிக் கிடைத்ததை அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது? 1876இல், மற்றொரு பயணத்தின்போது, முப்பத்தாறு வயதில் அலெப்போவில் நோய்வாய்ப்பட்டு இறந்தார்.

இக்கதையின் சுவையைவிட, இதிலிருந்து டாம்ரோஷ் எடுக்கும் கருத்துதான் முக்கியம். விக்டோரியா கால இங்கிலாந்து கில்காமேஷை ஒரு காவியமாக வரவேற்கவில்லை. விவிலியத்துக்குச் சான்றாகவோ, விவிலியத்துக்கு எதிரான சான்றாகவோதான் வரவேற்றது. பன்னிரண்டு பலகைகள் கொண்ட படைப்பில் பதினொன்றாவது பலகை மட்டுமே மக்களுக்குத் தேவைப்பட்டது. தலைவனின் பெயரைக்கூட அப்போது இஸ்துபார் என்றே தவறாகப் படித்துவந்தார்கள். நண்பன் எங்கிடு இறந்ததும் சாவைக் கண்டு அஞ்சி, சாகாவரம் தேடி உலகின் எல்லைவரை அலைந்து, வெறுங்கையோடு ஊர் திரும்பும் அரசனின் துயரம் பின்னர்தான் வாசகர்களின் கண்ணுக்குத் தெரிந்தது. இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. கில்காமேஷ் பண்டைய காலத்திலேயே உலகம் சுற்றிய படைப்பு. சுமேரிய மொழியில் தனித்தனிப் பாடல்களாக இருந்தது, பழைய பாபிலோனிய வடிவம் பெற்று, சின்-லெகெ-உன்னின்னி என்ற பெயரோடு வழங்கும் செவ்வடிவத்தை அடைந்து, இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட் அரசின் தலைநகரம் வரை போயிருக்கிறது. அச்சு இயந்திரமும் உலகச் சந்தையும் வந்த பிறகே உலக இலக்கியம் தோன்றியது என்பவர்களுக்கு இந்த ஒரு சான்றே விடை. டாம்ரோஷ் பின்னர் 2007இல் இந்த வரலாற்றை மட்டும் விரித்துப் பொதுவாசகர்களுக்காகத் தனி நூலே எழுதினார். கோட்பாட்டில் ஆர்வமில்லாதவர்கள் அதை வாங்குவதே நல்லது.

இரண்டாவது இயல் மெக்சிகோவின் அஸ்டெக் மக்களின் கவிதைகளைப் பற்றியது. 1521இல் ஸ்பானியர்களிடம் தலைநகரம் வீழ்ந்த பிறகு, அதே நூற்றாண்டில், அவர்களுடைய நாவாட்டில் மொழிப் பாடல்கள் லத்தீன் எழுத்தில் எழுதிவைக்கப்பட்டன. அவற்றை வெற்றிக்கு முந்தைய தூய பழங்குடிக் குரலாகப் படிப்பதே நெடுங்கால வழக்கம். டாம்ரோஷ் எடுத்துக்கொள்ளும் பாடலில் ரோமாபுரிப் போப்பாண்டவர் கையில் நீலமணி பதித்த ஊதுகுழல் ஆயுதம் ஏந்தி அமர்ந்திருக்கிறார். கிறித்தவத் தலைமைக் குருவை அஸ்டெக் அரசனின் கோலத்தில் கண்ட கவிஞரை எந்தத் தூய மரபில் சேர்ப்பது? தோற்றவர்களின் மொழி வென்றவர்களின் உலகத்தைத் தன் படிமங்களுக்குள் இழுத்துக்கொண்டதை இந்த இயல் நுணுக்கமாக விளக்குகிறது. நாவாட்டில் தெரியாத வாசகர் இந்த வாதங்களைச் சரிபார்க்க முடியாமல் ஆசிரியரை நம்பித்தான் ஆக வேண்டும் என்பது உண்மை. ஆனால் உலக இலக்கியம் படிக்கும் எவருக்கும் ஏதோ ஓரிடத்தில் நேரக்கூடிய நிலைமைதான் இது.

மூன்றாவது இயலில் அமெரிக்க வகுப்பறைகளுக்கான தொகைநூல்களின் வரலாறு வருகிறது. நார்ட்டன் நிறுவனம் 1956இல் வெளியிட்ட உலகத் தலைசிறந்த படைப்புகளின் தொகுப்பில் இடம்பெற்றவர்கள் அனைவரும் மேலை மரபைச் சேர்ந்தவர்கள், அத்தனை பேரும் ஆண்கள். ‘உலகம்’ என்று அட்டையில் அச்சிட்டுவிட்டு ஏதென்ஸிலிருந்து நியூயார்க் வரை ஒரே ஒரு பாதை போட்டிருந்தார்கள். 1990களில்தான் அந்தப் பாதை அகலமாக்கப்பட்டது. அமெரிக்காவில் பாடம் நடத்துகிறவர்களுக்கு இந்த இயல் மிகவும் பயன்படும். நமக்கு அவ்வளவு இல்லை. வேகமாகப் புரட்டிச் செல்லலாம்.

மொழிபெயர்ப்புப் பகுதியில் பண்டைய எகிப்தின் காதல் கவிதை ஒன்றும், பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஜெர்மானியப் பெண் ஞானி மெக்டில்டும், காஃப்காவும் வருகிறார்கள். மெக்டில்ட் தன் இறையனுபவங்களை எழுதிய மொழி, வட ஜெர்மனியில் வழங்கிய தாழ் ஜெர்மன். அந்த மூலம் கிடைக்கவில்லை. லத்தீன் பெயர்ப்பும், பின்னொரு நூற்றாண்டில் வேறொரு ஜெர்மன் வட்டாரமொழிக்கு மாற்றியதும்தான் மிஞ்சின. மூலமே இல்லாத நிலையில் மூலத்துக்கு உண்மையாக இருப்பது எப்படி என்ற கேள்வியை இவ்வளவு கூர்மையாக எழுப்பக்கூடிய இன்னொரு சான்று கிடைப்பது அரிது. ஆனால் அந்த இயல் தேவைக்கு மேல் நீண்டு, நடுவில் ஆழமான புலமைக்குள் இறங்கி மூச்சுத் திணறவைக்கிறது.

காஃப்கா இயல் அதற்கு நேர்மாறு. தெளிவாகவும் வேகமாகவும் செல்கிறது. 1924இல் காஃப்கா இறந்த பிறகு, அவர் எரித்துவிடச் சொன்ன கையெழுத்துப் படிகளை நண்பர் மாக்ஸ் பிராட் அச்சேற்றியதும், 1930இல் எட்வின், வில்லா மியூர் தம்பதியர் ‘கோட்டை’யை ஆங்கிலமாக்கியதும் பலருக்கும் தெரிந்த செய்திகள். அந்த ஆங்கிலத்தில் வெளிப்பட்ட காஃப்கா இறைவனைத் தேடி அலையும் நவீன மனிதனின் பொதுவான உருவம். ஊரும் இனமும் இல்லாத எழுத்தாளர். கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு உருவாக்கிய செம்பதிப்பு ஜெர்மனில் வந்து, அதன் அடிப்படையில் மார்க் ஹார்மனும் பிரியோன் மிட்செலும் 1998இல் புதிய பெயர்ப்புகளை வெளியிட்டபோது வந்தவர் வேறொருவர்: பிராக் நகரத்து யூதர், சிறுபான்மையினரின் ஜெர்மன் பேசியவர், நிறுத்தக்குறிகளைக்கூடத் தன் போக்கில் இட்டவர். இரண்டு காலங்களும் தமக்குத் தேவையான காஃப்காவைத் தாமே உருவாக்கிக்கொண்டன என்று சொல்லும் டாம்ரோஷ், புதியவரே உண்மையானவர் என்று கொண்டாடும் அவசரத்தையும் கேள்விக்குள்ளாக்குகிறார். இந்த நிதானம் நூலின் பெருஞ்சிறப்பு.

ஆக்கம் என்ற மூன்றாவது பகுதியில், அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்கும் ஒரே நேரத்தில் எழுதிய ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் உட்ஹவுஸைப் பற்றிய இயல் ரசிக்கத்தக்கது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. ரிகோபெர்த்தா மெஞ்சூ பற்றியது கனமானது. குவாத்தமாலாவின் மாயா இனப் பெண்ணான அவர் 1982இல் பாரிஸில் எலிசபெத் புர்கோஸிடம் ஒலிநாடாவில் சொன்ன வாழ்க்கைக் கதை, 1983இல் ஸ்பானிய மொழியிலும் மறு ஆண்டு ஆங்கிலத்திலும் நூலானது. 1992இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1999இல் மானிடவியலாளர் டேவிட் ஸ்டோல் அந்தக் கதையின் சில நிகழ்வுகள் சொன்னபடி நடக்கவில்லை என்று எழுதியதும் பெரும் சர்ச்சை எழுந்தது. சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், பெயர்த்தவர் ஒருவர், அட்டையை வடிவமைத்து விற்றவர் இன்னொருவர் என்று ஆன பிறகு ‘நான்’ என்று பேசுவது யார்? மெஞ்சூவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமலும், புனிதராக்காமலும், நூல் கைமாறிய ஒவ்வொரு கட்டத்தையும் டாம்ரோஷ் வரிசையாகப் பார்க்கிறார்.

கடைசி இயல் செர்பிய எழுத்தாளர் மிலோராத் பாவிச்சின் ‘கஸார் அகராதி’யைப் பற்றியது. 1984இல் வந்த நாவல். கிறித்தவம், இசுலாம், யூதம் என்று மூன்று அகராதிகளாக அமைந்தது. ஆண் படி, பெண் படி என்று இரண்டு விதமாக அச்சிடப்பட்டது. இரண்டுக்கும் ஒரே ஒரு பத்தியில்தான் வேறுபாடு. மேலை நாட்டு விமர்சகர்கள் இதை எல்லையற்ற வடிவ விளையாட்டாகக் கொண்டாடினார்கள். உள்ளூரில் படித்தவர்களுக்கோ, அழிந்துபோன கஸார் இனத்தின் பின்னால் செர்பியர்களின் மனக்குறையும் யூகோஸ்லாவிய அரசியலும் தெளிவாகத் தெரிந்தன. 1991இல் அந்த நாடு போரில் சிதறியது. பாவிச் செர்பியத் தேசியவாதத்தின் பக்கம் நின்றார். மொழிபெயர்ப்பில் அரசியல் உதிர்ந்துபோய் விளையாட்டு மட்டும் மிஞ்சியதால்தான் நூல் உலகப் புகழ் பெற்றது என்றால், அந்தப் புகழில் ஒரு நஞ்சும் இருக்கிறதே என்ற கேள்வியை டாம்ரோஷ் தவிர்க்கவில்லை. நூல் முழுவதிலும் அவர் தன் கோட்பாட்டைத் தானே மிகக் கடுமையாகச் சோதித்துக்கொள்ளும் இடம் இதுதான்.

அந்தக் கோட்பாடு முடிவுரையில் மூன்று வரையறைகளாக வருகிறது. தேசிய இலக்கியங்கள் நீள்வட்ட வடிவில் விலகித் தெறிப்பதே உலக இலக்கியம் என்பது முதலாவது. நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள் இருப்பதைப் போல, உலக இலக்கியமாகும் படைப்பு தான் பிறந்த பண்பாடு, தன்னை வரவேற்கும் பண்பாடு ஆகிய இரண்டாலும் உருப்பெறுகிறது என்கிறார். மொழிபெயர்ப்பில் இழப்பதைவிடப் பெறுவது மிகுதியாக உள்ள எழுத்தே உலக இலக்கியம் என்பது இரண்டாவது. மூன்றாவது வரையறை உலக இலக்கியத்தைக் குறிப்பிட்ட நூல்களின் தொகுதியாகக் கொள்ளாமல், நம் இடத்துக்கும் காலத்துக்கும் அப்பாற்பட்ட உலகங்களோடு சற்று விலகி நின்று ஈடுபடும் வாசிப்பு முறையாகக் கொள்கிறது.

மூன்றாவதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். இரண்டாவது, பெரிய கவிஞர்களை வெளியே நிறுத்திவிடும் ஆபத்து உள்ளது. பெயர்ப்பில் எதையும் பெறாமல் தன் மொழிக்குள்ளேயே ஒளிரும் படைப்பு தரத்தில் தாழ்ந்ததாகிவிடாது என்று டாம்ரோஷே ஒப்புக்கொண்டாலும், அந்த ஒப்புதல் பாடத்திட்டம் வகுப்பவர்களின் காதில் விழுவதில்லை. எமிலி ஆப்டர் 2013இல், எளிதில் பெயர்க்கவொண்ணாதவற்றின் பக்கம் நின்று ஒரு முழு நூலையே எதிர்வாதமாக எழுதினார். ஆமிர் முஃப்தி 2016இல், இந்தப் புழக்கம் முழுவதையும் ஆங்கிலம் என்ற ஒரே சுங்கச்சாவடி எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்று காட்டினார். 1848ஆம் ஆண்டு அறிக்கை எழுப்பிய சந்தைக் கேள்வியை டாம்ரோஷ் முன்னுரையிலேயே தாண்டிச் சென்றது இவர்களுக்கு வசதியாகிவிட்டது.

தமிழில் படிக்கும் ஒருவருக்கு அதிக முரண்பாடு எழுவது முதல் வரையறையோடுதான். நீள்வட்டத்துக்கு இரண்டே குவியங்கள். நம்மிடம் உலக இலக்கியம் வந்த வழியைப் பார்த்தால் இரண்டு போதவில்லை. க.நா.சு. தமிழாக்கிய நூல்களை எடுத்துக்கொள்வோம்: க்னுட் ஹாம்சனின் ‘நிலவளம்’, செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’, பேர் லாகர்க்விஸ்ட்டின் ‘அன்பு வழி’. ஒன்று நார்வே மொழியில் எழுதப்பட்டது, மற்ற இரண்டும் சுவீடிஷ் மொழியில். மூன்றும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் தமிழுக்கு வந்தன. ‘மதகுரு’வைப் படித்து வளர்ந்த தமிழ் எழுத்தாளருக்கு அதன் கதைக்களமான சுவீடனின் வெர்ம்லாந்துப் பகுதியின் பனியும் விருந்துகளும் இரண்டு கண்ணாடிகளைக் கடந்து வந்தவை. நடுவில் இருந்த ஆங்கிலப் பெயர்ப்பாளர் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பது தமிழ் வாசகருக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் அந்த நூல்கள் இங்கே உயிரோடு இருக்கின்றன. ஆங்கிலம் மட்டுமே படிக்கும் இன்றைய வாசகரிடத்தில் லாகர்லெவுக்குக் கிடைப்பதைவிட அதிக அன்பு தமிழ்ச் சிற்றிதழ் வாசகரிடம் அவருக்குக் கிடைத்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இடைமொழி என்ற இந்த மூன்றாவது குவியத்துக்கு டாம்ரோஷின் வரைபடத்தில் இடமில்லை.

இன்னொரு வழியும் இருந்தது. டால்ஸ்டாயும் செகாவும் கோர்க்கியும் தமிழ்நாட்டுச் சிற்றூர் நூலகங்கள் வரை வந்து சேர்ந்தது சந்தையின் விதிப்படி அன்று. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் கெட்டி அட்டை போட்டு அச்சிட்ட தமிழ் நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையம் மிகக் குறைந்த விலைக்கு விற்றது. மாஸ்கோவிலேயே தங்கி ரஷ்ய இலக்கியத்தைத் தமிழாக்கிய பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றோரின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. ஒரு நாட்டின் அரசு தன் கொள்கைக்காகச் செலவிட்ட பணத்தில் ஒரு மொழியின் உரைநடையே செழித்தது. புழக்கம் என்ற தலைப்பில் மூன்று இயல்கள் எழுதிய ஆசிரியர், அமெரிக்கத் தொகைநூல்களுக்கு ஒன்றை முழுதாக ஒதுக்கியதற்குப் பதிலாக இத்தகைய வழிகளில் ஒன்றைத் தொட்டிருந்தால் நூல் இன்னும் அகன்றிருக்கும்.

அதே சமயம், அவருடைய இரண்டாவது வரையறைக்குத் தமிழிலிருந்தே வலுவான சான்று ஒன்று தரலாம். ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, திணையும் துறையும் அறியாத வாசகரும் அவற்றை நவீன கவிதைகளாகவே படித்தார்கள். செம்புலப்பெயனீரார் லண்டன் சுரங்க ரயில் பெட்டிகளில் ஒட்டப்பட்டார். உரையாசிரியர்களின் அடுக்குகளுக்குள் நாம் படித்துவந்த பாடல், அடுக்குகள் நீங்கியதும் வேறொரு வெளிச்சம் பெற்றது. இழப்பும் இருக்கிறது, பெற்றதும் இருக்கிறது. இந்தக் கணக்கைப் பொறுமையாகப் போடக் கற்றுத்தருவதில் டாம்ரோஷுக்கு நிகரானவர்கள் சிலரே.

போட்டி நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பாரிஸை இலக்கிய உலகின் தலைநகரமாக வைத்து எழுத்தாளர்கள் அங்கீகாரத்துக்குப் போராடும் களத்தை வரையும் பாஸ்கல் கசனோவாவின் 1999ஆம் ஆண்டு பிரெஞ்சு நூல் அதிகாரம் பற்றிக் கூர்மையாகப் பேசுகிறது. ஆனால் தனிப் படைப்பின் அருகில் போவது குறைவு. நூல்களை ஒவ்வொன்றாகப் படிக்காமல் தொலைவிலிருந்து வடிவங்களின் பரவலை அளக்கச் சொல்லும் ஃபிராங்கோ மொரெட்டியின் 2000ஆம் ஆண்டுக் கட்டுரை சிறியது. ஒரே அமர்வில் முடித்துவிடலாம். சண்டை போடுவதற்கு மிக ஏற்றது. கோட்பாடு மட்டும் போதும் என்பவர்கள் இவ்விரண்டையும் படிக்கலாம். இந்தியாவிலிருந்து படிக்கிறவர்கள் இவற்றோடு தாகூர் 1907இல் கல்கத்தாவில் ‘விஸ்வ சாகித்யம்’ என்ற தலைப்பில் ஆற்றிய உரையையும் சேர்த்துக்கொண்டால், கெத்தேயிலிருந்து நேராக அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் ரயிலில் ஏற வேண்டியதில்லை.

நூலின் நடை பேராசிரியர்களின் நூல்களில் அரிதாகக் காணப்படும் எளிமை உடையது. நகைச்சுவையும் உண்டு. முன்னூறு பக்கங்களைத் தாண்டும் நூல் என்றாலும், கலைச்சொற்களின் நெரிசல் இல்லாததால் கல்லூரி அளவு ஆங்கிலம் தெரிந்தவர்கள் அகராதியைப் பெரிதாகத் தேடாமல் படித்துச் செல்ல முடியும். இறக்குமதிப் பதிப்பு என்பதால் இந்தியாவில் விலை நிச்சயம் உறுத்தும். முழு நூலும் தேவைப்படாதவர்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இரவல் பெற்று, முன்னுரை, கில்காமேஷ், காஃப்கா, முடிவுரை ஆகிய நான்கை மட்டும் படித்தாலே செலவழித்த நேரம் வீண்போகாது. ஒப்பிலக்கியம் பயில்கிற முதுகலை மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் சொந்தப் படி வைத்துக்கொள்வது நல்லது. ஓரக்குறிப்பு எழுத இடம் தேவைப்படும் நூல் இது. ‘கஸார் அகராதி’யை இதுவரை படிக்காதவர்கள் நாவலை முதலில் முடித்துவிட்டு அதன்பின் கடைசி இயலுக்குப் போகட்டும், முறையை மாற்றினால் நாவலின் விளையாட்டில் பாதிச் சுவை போய்விடும்.